பாதியில் நிற்கும் பைகள்

2023 பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருந்த தகரப்பெட்டியைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. பழைய பாத்திரம் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். முழுக்கப் பைகள். ஜவுளிக்கடை மஞ்சள் பை, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, வாய் கட்டிய ஒரு தலையணை உறை. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பாதியில் நின்றுபோன ஒரு கைவேலை. எண்ணினேன், பதின்மூன்று. பெயின்ட் அடிக்க வந்த தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "கடை வச்சிருந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

கடை எல்லாம் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட்டுறவு வங்கியில் காசாளர். அப்பா மதுரை ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர் என்பதால் வீட்டில் நூலுக்கு மட்டும் பஞ்சம் இருந்ததில்லை. கிராஸ் ஸ்டிச் (கட்டத் துணியில் பெருக்கல் குறி மாதிரி தையல் போட்டுப் படம் தைப்பது), ஒட்டுத்துணிப் போர்வை, குரோஷா, ஒயர் கூடை, எல்லாவற்றிலும் கை வைப்பேன். தொடங்கும்போது இருக்கும் வேகம் எனக்கு எதிலும் குறைந்ததில்லை. முடிப்பதுதான் வராது. அந்தப் பதின்மூன்றில் ஏழு வேலைகளை ஒன்றரை வருஷத்தில் முடித்தேன். எப்படி என்று என் தங்கை கேட்டாள், அவள் சிநேகிதிகளும் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சீட்டு எழுதுங்கள். எல்லாப் பைகளையும் கூடத்தில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுக் காகிதம். அதில் இரண்டே விஷயம்: என்ன பாக்கி, என்ன சாமான் இல்லை. என் சீட்டுகளில் சில இன்னும் இருக்கின்றன, அப்படியே தருகிறேன்.

"வீடு படம். பாக்கி: பனி, வானம். வெளிர்நீல நூல் இல்லை."

"மயில். கழுத்து வரை வந்தாச்சு. பாக்கி: தோகை முழுசும். படத்தை எலி கடித்துவிட்டது."

"பேத்தி போர்வை. மேல்துணி ரெடி. பாக்கி: பஞ்சு, அடித்துணி, ஓரப்பட்டி."

"பச்சை ஒயர் கூடை. கைப்பிடி."

"டிவி கவர். நூல் முனை சொருகணும். (டிவியே இல்லை.)"

எழுதி முடித்துவிட்டு வரிசையாகப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. பதின்மூன்றில் மூன்றுதான் உண்மையிலேயே நடுவில் நின்றவை. மற்ற பத்தும் வேலை மாறுகிற இடத்தில் நின்றிருந்தன. போர்வைக்குத் துண்டு வெட்டி இணைக்கிற வரைக்கும் மெஷினில் உட்கார்ந்து செய்த வேலை. அடுத்தது தரையில் விரித்து, குனிந்து, ஊக்குக் குத்துகிற வேலை. அங்கே நின்றுவிட்டது. தையல் போட்டு முடித்த கிராஸ் ஸ்டிச்சுக்கு அடுத்தது துவைப்பு, இஸ்திரி, அட்டை, சட்டம். அங்கே நின்றுவிட்டது. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தில் தையல் மெஷின்கள் வரிசையாகக் கடகடத்த காலத்தில், அங்கே ஒரு வயசான டெய்லர் என் அம்மாவிடம் சொல்வார்: "தைக்கிறது ஒரு நாள்மா, காஜா பட்டன் ஒரு வாரம்." காஜா எடுக்கத் தனியாக ஒரு பையன் இருந்தான் அவரிடம். எம்மிங் பண்ண ஓர் அம்மா வீட்டுக்கு வாங்கிப் போவார். தொழிலாகச் செய்கிறவர்களே முடிக்கிற வேலையை வேறு ஆளிடம் கொடுக்கிறார்கள். வீட்டில் நமக்கு அந்த வேறு ஆளும் நாம்தான். அதனால் முடிப்பதை மிச்ச வேலை என்று நினைக்காமல் ஒரு புது வேலை என்று எடுத்துக்கொண்டு, அதற்கான சாமானை முதலில் வாங்கிப் பைக்குள் போட்டுவிட வேண்டும். எனக்கு வேலை செய்தது இதுதான். ஊக்கு இல்லாத பையும் பஞ்சு இல்லாத பையும் திறந்த வேகத்தில் மூடப்படும்.

விட வேண்டியதை விடுவது

எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் தொடங்கியது. தோகை மட்டும் ஏறக்குறைய 40,000 தையல். என் கைக்கு மணிக்கு 120 தையல் ஓடும். வகுத்துப் பார்த்தால் 330 மணி நேரத்துக்கு மேல். அந்த மயில்மேல் எனக்கு இப்போது அவ்வளவு ஆசை இல்லை. தலையும் கழுத்தும் முடிந்திருந்த பகுதியைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டு வெட்டி, பின்னால் பழைய பட்டு ரவிக்கைத் துணி கொடுத்து, மூக்குக்கண்ணாடி வைக்கிற சின்னப் பையாகத் தைத்துவிட்டேன். ஒரு சாயங்காலம்தான் ஆனது. டிவி கவரை நூல் முனை சொருகி, கஞ்சி போட்டு, கொலுப் படியில் விரித்தேன். பெட்டி டிவிக்கு எடுத்த அளவு மேல்படிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

இன்னும் இரண்டு பையை நூலோடு பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது, "முடித்துவிட்டு எனக்குக் காட்டு" என்று சொல்லாதீர்கள். நம் பாரத்தை அவள் தலையில் ஏற்றுவதாக ஆகிவிடும்.

எதில் தொடங்குவது? இருப்பதிலேயே சின்னது. நான் ஒயர் கூடையில் தொடங்கினேன். சிவன் கண் முடிச்சுப் போட்டு வாய் வரை வந்திருந்தது, கைப்பிடிக்குப் பச்சை ஒயர் பத்தவில்லை. அதே பச்சை கிடைக்கும் என்று எட்டு வருஷமாகக் காத்திருந்திருக்கிறேன். கிடைக்கவே கிடைக்காது. மஞ்சளில் கைப்பிடி போட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே செய்த டிசைன் என்றுதான் நினைக்கிறார்கள்.

கிராஸ் ஸ்டிச்: மிச்சத்தை எண்ணுங்கள்

வீடு படம் என்று சீட்டில் எழுதினேனே, அது ஓட்டுக் கூரையில் பனி மூடிய வெள்ளைக்கார ஊர் வீடு. அந்தக் காலத்துப் படப் புத்தகங்களில் அதுவும் ரோஜாக்கொத்தும்தான் இருக்கும். வெளியே 40 டிகிரி வெயிலில் உட்கார்ந்து பனி தைத்திருக்கிறேன். வீடு, வேலி, நாய்க்குட்டி எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி முழுக்க வெள்ளையும் வெளிர்நீலமும். அலுப்புத் தட்டுகிற இடம் அது.

பார்த்துத் தைக்கிற கட்டப் படத்தில் பத்துக் கட்டத்துக்கு ஒரு தடிக்கோடு இருக்கும் இல்லையா? பத்துக்குப் பத்து நிறைந்தால் ஒரு சதுரத்துக்கு 100 தையல். மிச்சம் இருந்த சதுரங்களைப் பென்சிலால் குறித்து எண்ணினேன். முழுசும் அரையுமாகக் கூட்டினால் 29 வந்தது. 2,900 தையல், என் வேகத்துக்கு 24 மணி நேரம். தினமும் அரை மணி என்றால் 48 நாள். அதாவது ஒரு மண்டலம். விரதம் இருப்பவர் மாதிரி காலண்டரில் நாளைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "எப்போ முடியுமோ" என்று இருந்தது "இன்னும் பத்தொன்பது நாள்" என்று ஆனபோது ஊசியை எடுப்பது சுலபமாகிவிட்டது. உங்கள் வேகம் வேறாக இருக்கும். ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துத் தைத்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பழைய வேலையைத் திரும்ப எடுக்கும்போது வருகிற முதல் சிக்கல், நூல் நிறம். எண் ஒன்றாகவே இருந்தாலும் பத்து வருஷம் கழித்து வாங்குகிற கட்டு, பழைய கட்டோடு அப்படியே சேராமல் போகலாம். ஒட்டுமொத்த வானத்தில் அது கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு கட்டில் எட்டு மீட்டர் நூல், ஆறு புரி. மேட்டி துணியில் (கிராஸ் ஸ்டிச்சுக்கென்று கட்டம் கட்டமாக நெய்த துணி) அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ளது என்றால் நாம் இரண்டு புரிதான் கோக்கிறோம். பழையதில் ஒரு புரி, புதியதில் ஒரு புரி என்று சேர்த்துக் கோத்து நாலைந்து வரிசை தைத்துவிட்டு, அப்புறம் முழுசும் புதியதற்கு மாறுங்கள். கண் கண்டுபிடிக்காது. புரியை ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சேர்த்தால்தான் தையல் படிந்து உட்காரும்.

நூலை முழம்போட்டு வெட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நீளமாகக் கோத்தால் பாதியிலேயே பஞ்சு பிரிந்து மங்கிவிடும்.

கணக்குத் தப்பிய தையலை என்ன செய்வது? எனக்கு ஒரே விதி. அந்தத் தப்பு வேறொரு கோட்டோடு போய்ச் சேர வேண்டுமா என்று பார்ப்பேன். பூவில் ஓர் இதழ் ஒரு கட்டம் தள்ளியிருந்தால் விட்டுவிடுவேன், எந்தப் பூவும் அளந்து பூப்பதில்லை. ஓர வரிசையில் ஒரு கட்டம் தப்பினால் சுற்றி வந்து சேரும்போது முட்டிக்கொள்ளும். அதை அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். பிரிக்கும்போது தையலைப் பின்பக்கமிருந்து வெட்டி, சின்ன இடுக்கியால் உருவுங்கள். அதே நூலைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம் இங்கே உதவாது.

தைத்து முடித்ததும் துவைக்க வேண்டும். நம் கை எண்ணெய், தூசி எல்லாம் அதில் இருக்கிறது. முன்பாக நூல் சாயம் விடுமா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைச் சிவப்பின்மேலும் கருநீலத்தின்மேலும் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். சாயம் விடாது என்றால் சாதாரணத் தண்ணீரில் மென்மையான சோப்புத் திரவம் கொஞ்சம் விட்டு, பத்து நிமிஷம் ஊறவைத்து, அலசுங்கள். கசக்கக் கூடாது, பிழியவும் கூடாது. டர்க்கித் துண்டின்மேல் விரித்துப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். சாயம் இறங்கியதைப் பார்த்தால் பதறி உலரவைக்காதீர்கள். ஈரத்தோடேயே குழாயடியில் பிடித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்துவிட்டாலோ இஸ்திரி பட்டுவிட்டாலோ கறை உட்கார்ந்துவிடும்.

தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கிற வட்டச் சட்டத்தை மாட்டியபடியே மூட்டை கட்டியிருந்தால் துணியில் வளையம் தெரியும். என் பனிவீட்டில் நாய்க்குட்டியைச் சுற்றி ஒரு வளையம். மடிப்புத் தடம் துவைப்பில் போய்விட்டது. விளிம்பில் படிந்த தூசிக் கோட்டுக்கு மூன்று தடவை ஊறவைக்க வேண்டியிருந்தது. இனிமேல் தைத்து எழும்போதெல்லாம் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள். சமையல் மஞ்சள் பட்ட கறை என்றால் கவலைப்பட வேண்டாம், சோப்புப் போட்டு வெயிலில் காட்டினால் தானாக வெளுக்கும். நூலின் நிறத்தையும் வெயில் இழுக்கும் என்பதால் கறை பட்ட இடத்தை மட்டும் காட்டி, மற்றதைத் துணியால் மூடிவிடுங்கள்.

லேசாக ஈரம் இருக்கும்போதே டர்க்கித் துண்டின்மேல் முகத்தைக் கீழே வைத்துப் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். துண்டின் மொசமொசப்பில் தையல் பதிந்து, முன்னால் எழும்பி நிற்கும். நேராகத் தையலின்மேல் பெட்டியை வைத்தால் சப்பையாகிவிடும்.

இனி சட்டம். இதில் நான் ஒரு தடவை அழுதிருக்கிறேன். முதன்முதலில் முடித்த பிள்ளையார் படத்தைச் சட்டம் போடுகிற கடையில் கொடுத்தேன். துணியின் பின்னால் பசையைத் தடவி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். கொடுத்த அன்றைக்குத் தகதகவென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் தாண்டியதும் பிள்ளையார் தும்பிக்கையைச் சுற்றி பழுப்பு மேகம். பிரித்தெடுக்க வழியே இல்லை. அதனால் துணியை அட்டையில் ஏற்றுகிற வேலையை நீங்களே செய்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அமிலமில்லாத அட்டை என்று கேட்டு வாங்கி, சட்டத்தின் உள் அளவைவிட ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைத்து வெட்டுங்கள். துணியில் படத்தைச் சுற்றி மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும். துணியை அட்டைமேல் வைத்து, நாலு பக்கமும் நடுவில் ஒரு குண்டூசி, அட்டையின் தடிப்புக்குள் இறங்குகிற மாதிரி. அங்கிருந்து இரண்டு மூலையையும் நோக்கி, அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டே போங்கள். மேட்டி துணியின் கட்ட வரிசைதான் உங்களுக்கு அளவுகோல். அட்டை விளிம்போடு ஒரே வரிசை ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இழுங்கள். அப்புறம் திருப்பிப் போட்டு, பின்னால் மடிந்திருக்கிற மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் கெட்டியான நூலால் இங்கும் அங்குமாகத் தைத்து இழுக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான். நடுவில் தொடங்கி ஒரு பக்கம் போய், திரும்ப நடுவுக்கு வந்து மறுபக்கம். பிறகு இடம் வலம். மூலையை உறை மடிப்பதுபோல் மடித்து இரண்டு தையல் போடுங்கள். குண்டூசிகளை உருவினால் துணி தப்பு மேளம் மாதிரி விறைப்பாக நிற்கும். கண்ணாடி வேண்டும் என்றால் அதற்கும் துணிக்கும் நடுவில், ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டை ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி தையலில் ஒட்டினால் உள்ளே ஈரம் வியர்த்துப் பூஞ்சை வரும். மாட்டுகிற சுவர் மேற்கு வெயில் விழாத சுவராக இருக்கட்டும்.

சட்டம் வேண்டாம் என்று தோன்றினால் குஷன் உறைக்கு முகமாகத் தைத்துவிடலாம். அதற்கு முதலில் ஓரத்தில் ஓவர்லாக் அடித்துவிட வேண்டும். மேட்டி துணியின் இழை உதிருகிற வேகம் அப்படி.

போர்வை: தரையில் இறங்குகிற வேலை

பேத்தி போர்வையின் கதை எனக்குக் கொஞ்சம் வெட்கம். தங்கை மகளின் வளைகாப்புக்காக 2016-இல் தொடங்கினேன். ஆறு அங்குலச் சதுரம், வரிசைக்கு ஆறு, எட்டு வரிசை, மொத்தம் 48. மேல்துணியை ஒரே வாரத்தில் இணைத்துவிட்டேன். பிள்ளை பிறந்தது, பெயர் வைத்தது, மொட்டை போட்டது, எல்.கே.ஜி. சேர்ந்தது. பெட்டியைத் திறந்தபோது ஒன்றாம் வகுப்பு. 36-க்கு 48 அங்குலப் போர்வை அவளுக்கு இனி ரொம்ப நாள் பத்தாது. சுற்றிலும் ஆறு அங்குலம் பார்டர் கொடுத்து 48-க்கு 60 ஆக்கினேன். போர்வை தாமதமானால் பிள்ளை வளர்ந்துவிடும், ஆனால் பார்டர் இருக்கிறது. குழந்தை பிறப்பதற்குள்ளேயே முடித்துவிடுகிற சாமர்த்தியசாலிகளுக்கு ஒரு வார்த்தை: ஒரு வயசு ஆகும்வரை அதைத் தரையில் விளையாட விரிப்பாக மட்டும் போடுங்கள், தூங்குகிற குழந்தைமேல் போர்த்த வேண்டாம்.

பார்டருக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. சிவப்பு. எத்தனை துவைப்பு பார்த்த துணியாக இருந்தாலும் கைக்குட்டைச் சோதனை செய்யாமல் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். முன்பு ஒரு குஷன் உறையில் புதுச் சுங்குடியைத் துவைக்காமல் வைத்துத் தைத்து, வெள்ளைச் சதுரமெல்லாம் ரோஜா நிறமாகிப் போனது எனக்கு. புதுத் துணி எதுவானாலும் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் போட்டுச் சுருங்கவிட்டு எடுத்துவிடுங்கள்.

இனி மூன்று அடுக்கு. அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிடச் சுற்றிலும் மூன்று அங்குலம் பெரிசாக வேண்டும். 54-க்கு 66. ஒற்றைக் கட்டில் பெட்ஷீட் 60-க்கு 90 இருக்கும், பருத்தியாகப் பார்த்து எடுத்தால் ஒட்டுப் போட வேண்டியதில்லை. பஞ்சுக்கு மெல்லிய பாலியஸ்டர் ஷீட் கிடைக்கும். எங்கள் ஊர் வெக்கைக்கு அது அதிகம் என்று நான் நடுவில் நைந்துபோன இன்னொரு பருத்திப் பெட்ஷீட்டைத்தான் வைத்தேன். வங்காளத்துக் காந்தாவில் பஞ்சே கிடையாது, பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் (ரன்னிங் ஸ்டிச்) போடுவதுதான். நம் பாட்டிமார் தொட்டிலுக்குப் போட்டதும் கிட்டத்தட்ட அதுதானே.

கூடத்தைப் பெருக்கித் துடைத்து, காய்ந்ததும் அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரியுங்கள். இழுத்துப் பிடிக்காமல், சுருக்கம் மட்டும் போகிற அளவுக்கு விறைத்து, ஓரங்களைப் பழுப்பு டேப்பால் தரையில் ஒட்டுங்கள். மேலே நடு அடுக்கு, அதற்கு மேல் மேல்துணி, நல்ல பக்கம் நம்மைப் பார்க்க. உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே போங்கள். அப்புறம் ஊக்கு, நாலு அங்குலத்துக்கு ஒன்று. இந்த அளவுக்கு ஏறக்குறைய 180 ஊக்கு ஆனது. முட்டி வலிக்கும். பேத்தியையும் அவள் அண்ணனையும் கூப்பிட்டு, வரிசைக்கு ஒரு கடலை மிட்டாய் என்று பேசி முடித்தேன். குனிய முடியாதவர்கள் சாப்பாட்டு மேசையில் பாதிப் பாதியாகவும் செய்யலாம். அடுத்த பாதிக்கு நகர்த்தும்போது அடித்துணியைத் திரும்பவும் டேப் போட்டு விறைக்க மறக்காதீர்கள்.

ஊக்குக் குத்திய பிறகு நிறுத்தாதீர்கள். வேறு எங்கே நிறுத்தினாலும் பரவாயில்லை. ஒரு தடவை இந்த நிலையில் மூட்டை கட்டி வைத்து, ஐப்பசி மழை முடிந்து பிரித்தபோது ஊக்கு இருந்த இடமெல்லாம் துருப்புள்ளி. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்ததில் வெள்ளைத் துணியில் போனது. கலர் துணியில் துருவோடு கலரும் போனது.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு மூன்று வழி இருக்கிறது. கையால் ஓட்டுத்தையல், நேரம் பிடிக்கும், மெத்துமெத்தென்று வரும். மெஷினில் இணைப்புக் கோட்டின்மேலேயே ஓட்டுவது இன்னொன்று. நான் பழைய கால் மெஷினில் அதைத்தான் செய்தேன். மேலே இருக்கிற அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, தையலைப் பெரிசாக்கி, நடுக்கோட்டில் தொடங்கி வெளியே வாருங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி பொங்கி நிற்கும். மூன்றாவது, நாலு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஆறு புரி நூலை ஊசியில் கோத்து, இறக்கி ஏற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு வெட்டுவது. ஒரே நாளில் முடிந்துவிடும். சின்னக் குழந்தை நூல் முனையைப் பிடித்து வாயில் வைக்கும் என்பதால் பெரியவர்கள் போர்வைக்கு மட்டும்.

கடைசியில் ஓரப்பட்டி. மேல்துணியைத் தாண்டி நிற்கிற அடித்துணியையும் நடு அடுக்கையும் முதலில் அதன் ஓரத்தோடு வெட்டிவிடுங்கள். சுற்றளவு 216 அங்குலம், அதோடு 12 சேர்த்து 228. இரண்டரை அங்குல அகலத்தில் 42 அங்குல நீளப் பட்டி ஆறு வெட்டி, சாய்வாக இணைத்தால் தாராளமாகப் போதும். அரை மீட்டர் துணி வாங்கினால் மிச்சமே இருக்கும். பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். போர்வையின் முன்பக்கம், ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். மூலையில் தொடங்கவே கூடாது. முனையில் ஒரு சாண் தைக்காமல் விட்டு, பட்டியின் திறந்த ஓரமும் போர்வை ஓரமும் ஒட்டி வர, கால் அங்குலம் உள்ளே தையல். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, கெட்டித் தையல் போட்டு, நூலை வெட்டி வெளியே எடுங்கள். பட்டியை மேல்நோக்கி மடித்தால் மூலையில் சாய்கோடு விழும். அந்தச் சாய்கோட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டியைத் திரும்பக் கீழே இறக்குங்கள். மடிப்பு, மேல் ஓரத்தோடு சமமாக உட்கார வேண்டும். அங்கிருந்து அடுத்த பக்கம். நாலு மூலையும் இப்படி. சுற்றி வந்ததும் ஒரு முனையை உள்ளே மடித்து, இன்னொன்றை அதற்குள் சொருகித் தைத்துவிடுங்கள். பட்டியைப் பின்னால் திருப்பினால் மூலை தானாகவே சாய்வாக மடியும். முதல் தடவை அது மடிந்தபோது தங்கைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "இதுக்கா அக்கா ராத்திரி பதினோரு மணிக்குப் போன்?" என்றாள்.

பின்பக்கம் கையால் எம்மிங். 216 அங்குலம் என்றால் ஆறு கஜம், ஒரு சேலை நீளம். என் கைக்கு ஒரு சீரியல் எபிசோடுக்கு ஒரு கஜம் வரும். திங்களில் தொடங்கி சனிக்கிழமை முடிந்துவிட்டது.

ஓரப்பட்டி என்றாலே கை ஓடாதவர்களுக்கு ஒரு மாற்று சொல்கிறேன். வட கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் தைக்கிற கவந்திப் போர்வையில் வேலை ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிப் போகும். பழஞ்சேலையை விரித்து, விளிம்பை மடித்து, சுற்றிச் சுற்றி ஒட்டுத்துணி வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். நடு மூடினால் போர்வை முடிந்தது, அதற்குப் பிறகு பட்டி வேலை என்று ஒன்று கிடையாது. நாலு மூலையிலும் பூ மாதிரி அடுக்குத் துண்டு வைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். அடுத்த போர்வையை அந்த முறையில்தான் தைக்கப்போகிறேன்.

பெயர்த் துண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். உள்ளங்கை அளவு வெள்ளைத் துணியில் யாருக்கு, யார் தைத்தது, எந்த வருஷம் என்று பின்தையலில் எழுதி, போர்வையின் பின்பக்க மூலையில் எம்மிங் பண்ணிவிடுங்கள். அதிலேயே கீழே "குளிர்ந்த தண்ணீர், தனியாகத் துவை" என்றும் எழுதிவிட்டால் வாங்குகிறவர்கள் வாஷிங் மெஷினில் ஜீன்ஸோடு சேர்த்துப் போட மாட்டார்கள். நான் இரண்டு வருஷத்தையும் எழுதினேன்: தொடக்கம் 2016, முடிவு 2023. தங்கை பார்த்துவிட்டு, "தொடங்கின வருஷத்தைப் பிரிச்சு எடுத்துடு அக்கா, சம்பந்தி வீட்டில் பார்த்தா மானம் போகும்" என்றாள். நான் எடுக்கவில்லை. பேத்திக்கு அப்போதுதான் கழித்தல் கணக்கு சொல்லிக் கொடுத்திருந்தார்கள். போர்வையைத் திருப்பிப் பார்த்து, விரலை மடக்கி, "ஏழு" என்றாள்.